பொலி சொன்ன விஞ்ஞானி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வேற்றுக்கிரகவாசிகள் வரும் படம் எதையும் நான் விடுவதில்லை. எத்தனையோ ஒளியாண்டு தாண்டி வருகிறவர்கள், வந்து பெரிய பெரிய நகரத்தில்தான் இறங்குவார்கள். ஒருவராவது பலாங்கொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இறங்கியதுண்டா? தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏறும் ரோட்டைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் போலிருக்கிறது. சரி, அவர்கள் வராவிட்டால் போகட்டும், தேடுகிற ஆளாவது எங்கள் ஆளாக இருக்கட்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: மலைமுகட்டில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த

வேண்டாம். தோட்டம் என்றாலே பனியில் தொடங்குகிற வியாதி எனக்கு வேண்டாம்.

2.

தர்மிளாவில் தொடங்குகிறேன். டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறாள். தன் போனிலேயே ஒரு குறும்படம் எடுக்கிறாள். கதை சின்னது. ஒரு விஞ்ஞானி தன்னந்தனியாக மலையுச்சியில் ஒரு டிஷ்ஷைத் திருப்பி, வேறு உலகத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறாள். [டிஷ், காற்றில் கழன்று விழுந்த பழைய டிவி டிஷ். தயவுசெய்து யாரும் அலைவரிசைக் கணக்கு கேட்க வேண்டாம்.]

விஞ்ஞானியாக நடித்தவள் அவளுடைய அம்மா ஜெயம்மா.

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. கொழுந்து எடுக்கிற பெண்ணை விஞ்ஞானி என்றால் நம்புவார்களா? பிறகு என்மேலேயே கோபம் வந்தது. ராணியாக நடிக்கிறவள் எல்லாம் அரண்மனையிலா பிறந்தாள்?)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தயாளினி டீச்சரிடம் இரவல் வாங்கிய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஜெயம்மா உச்சியில் நின்றாள். தயாளினி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். படத்தைக் கொழும்புப் போட்டி ஒன்றுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

"டிஷ்ஷத் திருப்புங்க. மேல பாருங்க. யாராவது இருக்கீங்களான்னு கேளுங்க. அவ்வளவுதாம்மா."

ஜெயம்மா டிஷ்ஷின் விளிம்பை இரண்டு கையாலும் தொட்டாள். திருப்புவதற்கு முன்னால், "பொலி... பொலி..." என்றாள். அப்புறம்தான் மேலே பார்த்துக் கேட்டாள்.*

"என்னம்மா சொன்னீங்க?"

"என்னா சொன்னேன்?" என்று ஜெயம்மா திருப்பிக் கேட்டாள். அப்புறம்தான் அவளுக்கே விளங்கியது. "ஐயோ, வாய்ப் பழக்கம் புள்ள. வேல தொடங்குறோம்ல, வந்திருச்சு. திருப்பி எடு."

திருப்பி எடுத்தார்கள். இந்த முறை பொலி வரவில்லை. ஆனால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் வாசிக்கிற மாதிரி இருந்தது குரல். வீட்டுக்கு வந்து முதலில் எடுத்ததைப் போட்டுப் பார்த்த தர்மிளாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதையே வைத்தாள்.

* பொலி: மலையில் முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது சொல்வது. பெருகட்டும் என்று அர்த்தம். இதற்கு மேல் நான் விளக்கினால் ஜெயம்மா என்னை அடிக்க வருவாள்.

3.

வினை அந்த ஒரு வார்த்தையில் வந்தது. கோயில் திருவிழாவில் படம் போட ஒழுங்கு செய்திருந்தார்கள். அதற்கு முன் கோயில் தலைவர் கன்னையா பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார்.

"படம் ஹரி, நல்லாத்தான் இருக்கு. ஆனா பொலிங்கிறது சாமிய நெனச்சு கொழுந்துக்குச் சொல்றது. வானத்துல இருக்கிற கண்ட பேய்க்கும் அதச் சொன்னா குத்தமாயிரும்மா. ஒண்ணு அத எடுத்துரு. இல்லாட்டி கடைசில அம்மன் வந்து பதில் சொல்ற மாதிரி வையி. சனம் கையெடுத்துக் கும்பிடும்."

டீச்சர் வேறு திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தார்.

"தர்மிளா, உந்த இடத்தை வெட்டிவிடும். விஞ்ஞானி மெஷினுக்குப் பூசை செய்யிற மாதிரிக் கிடக்கு. கொழும்பிலை இருக்கிறவை சிரிப்பினம். இப்பிடியே எண்டால் என்னாலை அனுப்ப ஏலாது."

"சிரிக்கட்டும் டீச்சர்."

"பிடிவாதம் பிடிக்காதையும்."

பாருங்கள் கூத்தை. ஒருவருக்கு அதில் பக்தி போதவில்லை, மற்றவருக்குப் பக்தி கூடிவிட்டது. ஜெயம்மாவோ, "வெட்டிரு புள்ள, என்னால உனக்கு ஏன் வம்பு? நான் சாமிக்கும் சொல்லல, மெஷினுக்கும் சொல்லல. வேலயத் தொடங்குனேன்," என்றாள்.

அன்று தர்மிளாவுக்கு மனம் தளர்ந்தது. அந்த வார்த்தையை வெட்டி இன்னொரு பிரதி செய்தாள். அதைப் போட்டால் கோயில் வாசலும் திறக்கும், கொழும்பும் திறக்கும். போடாவிட்டால் படம் அவள் போனோடு சரி.

4.

இங்கே கதையை நிறுத்தி நான் கொஞ்சம் சத்தம் போட வேண்டும்.

இந்த வேற்றுக்கிரகப் படங்களில் விஞ்ஞானி என்றால் கடவுளை விட்டவளாக இருக்க வேண்டும். கடைசியில் வானத்தில் வெளிச்சம் வரும், அவள் அழுவாள், நாமும் அழ வேண்டும். தேடுகிறவளுக்கு ஒரு வாய்ப் பழக்கம்கூட இருக்கக் கூடாது என்று யார் சட்டம் போட்டது? பதில் வராத பக்கத்தைப் பார்த்துப் பேசுவது எங்களுக்குப் புதிதா? பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து துரைமாரைப் பார்த்தும் மந்திரிமாரைப் பார்த்தும் அதைத்தானே செய்கிறோம். வேறு உலகத்தைத் தேட எங்களைவிடப் பழக்கப்பட்ட ஆள் எந்த நாட்டில் இருக்கிறான், சொல்லுங்கள்.

சரி. முடிவுகள்.

முடிவு அ: படம் ஓடுகிறது, சனம் முழுக்க எழுந்து பொலி சொல்கிறது, கன்னையா கண்ணைத் துடைக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் சனத்தை நான் அறிவேன். பாதிப் பேர் கடலை வாங்கப் போயிருப்பார்கள்.

முடிவு ஆ: அந்த டிஷ்ஷில் உண்மையிலேயே ஒரு சத்தம்

இல்லை. அது கன்னையா கேட்ட முடிவுதான், அம்மனுக்குப் பதிலாக வேறு வேஷம்.

முடிவு இ: தர்மிளா வெட்டின பிரதியைப் போட்டுப் பரிசு வாங்குகிறாள். இதை எழுதப் பார்த்தேன். அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

5.

ஆகவே நடந்தது இது. பூசை முடிந்தது. கோயில் முன்னால் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டரும் வைத்தாயிற்று. ஜெயம்மா புதுச் சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். டீச்சரும் வந்திருக்கிறார். கன்னையா ப்ளக் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார்.

"வெட்டுனததானே போடுற?"

தர்மிளா போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். வெட்டின பிரதியைக் காட்டினாள். அழித்தாள்.

"இல்லீங்க மாமா. இதுதான் இருக்கு. எங்கம்மா தப்பா ஒண்ணும் சொல்லல. வயரப் புடுங்குறதுன்னா புடுங்குங்க. நான் போடுறேன்."

போட்டாள். கன்னையாவின் கை ப்ளக்குக்குப் போனது.

அந்தக் கையை நான் அங்கேயே விட்டுவிட்டு எழும்புகிறேன். அவரை நல்லவராக்கி உங்களைச் சந்தோஷப்படுத்த எனக்கு மனமில்லை, கெட்டவராக்கவும் இல்லை. இனி அது உங்கள் கை. பிடுங்குவதென்றால் சீக்கிரம் பிடுங்குங்கள். துணியில் ஜெயம்மா டிஷ்ஷைத் தொட்டுவிட்டாள், வாயைத் திறக்கிறாள்.