தொடாதே, பேசாதே

டனாவ் ஊரில் ரோடெலின் பட்டறையைத் தெரியாதவர்கள் கிடையாது. போட்டிக்குப் பிஸ்டல் வேண்டுமென்றால் மணிலாவிலிருந்துகூடக் கப்பலேறி அவனிடம் வருவார்கள். அவன் செய்து கொடுத்த பிஸ்டல் மழையிலும் சுடும். சேற்றில் விழுந்தால் சட்டையில் துடைத்துவிட்டுச் சுடலாம். ஐயாயிரம் தோட்டா போனாலும் ஒரு தடவை சிக்காது. அவன் கைபட்டும் சிக்குகிற துப்பாக்கி இந்தத் தீவிலேயே ஒன்றுதான் உண்டு. அது என்னுடையது. நான் அவன் பெண்டாட்டி.

காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களின் பிஸ்டல் வேலை முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. என்னுடையது எங்கே போகும்? அவன் கைக்கெட்டுகிற தூரத்திலேயே கிடக்கிறது. நான் மருந்துக்கடை வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள் அதைப் பிரித்து எதையாவது தேய்த்திருப்பான், எதையாவது மாற்றியிருப்பான். நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக்கப் போய்க் கெடுப்பதில் அந்த மனிதனை மிஞ்ச ஆளில்லை.

பகோலோட் போட்டிக்கு முந்தின நாள், விசை இன்னும் மெத்தென்று இருக்கட்டும் என்று உள்ளே ஒரு ஸ்பிரிங்கை மாற்றிவைத்தான். விசை வெண்ணெய் மாதிரிதான் இருந்தது. அழுத்தினேன், டொக்கென்று சத்தம் கேட்டது, தோட்டா வெடிக்கவில்லை. ஓர்மோக்கில் இன்னொரு ஸ்பிரிங். அங்கே போதாக்குறைக்கு, நான் கோட்டில் போய் நிற்பதற்கு முன்னால் காதருகே வந்து, "நாலாவது தோட்டாவுல லேசா இழுக்கும், பயப்படாத" என்றான். பயப்படாதேயாம். இலக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாலாவது தோட்டாவை எண்ணிக்கொண்டே சுட்டேன். நாலாவது ஒழுங்காகப் போனது. ஆறாவதை நான் தவறவிட்டேன்.

எங்கள் ஆட்டம் நின்ற இடத்தில் நின்று நிதானமாகக் குறிபார்க்கிற ஆட்டமில்லை. டைமர் கத்தியதும் உருவி, ஓடி, தடுப்புக்குத் தடுப்பு மாறி, அட்டையையும் இரும்புத் தகட்டையும் சுட்டு முடிக்க வேண்டும். அப்படி ஒரு ஓட்டத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர். வாங்கின புள்ளியை எடுத்துக்கொண்ட நொடியால் வகுப்பார்கள். தகடு பழுதானாலோ டைமர் கெட்டாலோ மறுபடி சுட விடுவார்கள். துப்பாக்கி சிக்கினால் விடமாட்டார்கள். அது உன் துப்பாக்கி, உன் தலையெழுத்து.

இந்த வருடம் நாட்டின் மகளிர் அணியில் மூன்று இடம் நிரம்பிவிட்டது. நாலாவது இடத்துக்கு எங்கள் ஊர் மைதானத்திலேயே இரண்டு நாள் தேர்வுப் போட்டி என்று அறிவித்தார்கள். அணியில் இடம் கிடைத்தால் உலகப் போட்டி. விட்டால் அடுத்தது மூன்று வருடம் கழித்து. எனக்கு இப்போது நாற்பத்து மூன்று. முழங்கால் ஏற்கெனவே முனகுகிறது. எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்பது எனக்கும் தெரியும், என் முழங்காலுக்கும் தெரியும்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ரோடெலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வீட்டுப் பீடத்தில் இருக்கிற குழந்தை இயேசுவுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"என் துப்பாக்கியத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"என்ன மெர்லி, சின்னப் புள்ள மாதிரி..."

"பண்ணு."

"சரி, தொட மாட்டேன்."

"அதப் பத்திப் பேசவும் மாட்டேன்னு சொல்லு."

"இது எதுக்கு? பேசுனா என்ன தேய்ஞ்சா போயிடும்?"

"ஓர்மோக்ல என்ன பண்ணுன? நீ வாயத் திறந்தாலே என் கை நடுங்குது. போட்டி முடியிற வரைக்கும் என் துப்பாக்கியப் பத்தி ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வரக் கூடாது. நல்லதும் சொல்லாத, கெட்டதும் சொல்லாத."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சத்தியம் செய்தான். பிஸ்டலைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு மாதம் பயிற்சிக்கு நானே கொண்டுபோனேன், நானே துடைத்தேன், நானே எண்ணெய் போட்டேன். நாலாயிரம் தோட்டா சுட்டேன். ஒரு தடவை சிக்கவேண்டுமே! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருடம் இந்தத் துப்பாக்கி இப்படித்தான் சுட்டிருக்கும், இவன் சும்மா இருந்திருந்தால்.

போட்டி நாள் காலையில் டைமர் பிடிக்கிற எல்மெர் என்னைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான். நடுவர்களில் மூத்தவன், வாய்தான் அடங்காது.

"என்ன மெர்லி, இன்னைக்குச் சுடுமா? இல்ல ஃபாதரக் கூப்பிட்டு மந்திரிக்கணுமா?"

"உன் டைமர் ஒழுங்கா கத்துதான்னு பாரு. என் துப்பாக்கியப் பத்தி உனக்கென்ன?"

எனக்குப் போட்டி ஜிங்கிதான். மண்டாவே நகரத்துப் பெண், இருபத்தாறு வயது, மான் மாதிரி ஓடுவாள். அவள் இடுப்பில் இருக்கிற பிஸ்டலும் ரோடெல் செய்ததுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் வாங்கிக்கொண்டு போனவள், அதற்கப்புறம் பட்டறைப் பக்கம் வரவேயில்லை. வர வேண்டிய அவசியமே ஏற்படவில்லையாம். இதை அவள் பெருமையாக எல்லோரிடமும் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும்.

மொத்தம் பன்னிரண்டு ஸ்டேஜ். முதல் நாள் ஆறு. நான் இப்படிச் சுட்டதே கிடையாது. டைமர் கத்துவதுதான் தெரியும், அப்புறம் கால் தானாக ஓடியது, கை தானாகத் தோட்டா மேகசினை மாற்றியது. ஆறு ஸ்டேஜும் துப்பாக்கி ஒரு முறைகூட முக்கவில்லை, முனகவில்லை. ரோடெல் வழக்கம்போல ஒரு பிளாஸ்டிக் வாளியோடு என் பின்னால் வந்து, நான் சுட்டு முடித்ததும் கீழே கிடக்கிற காலி ஓடுகளைப் பொறுக்கினான். மறுபடி மருந்து அடைத்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வோம்.

மதியம் மரத்தடியில் உட்கார்ந்து, ஓலைப் பொட்டலத்துச் சோற்றைப் பிரித்து வறுத்த பன்றிக்கறியோடு சாப்பிட்டோம். ரோடெல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சாப்பிடவில்லை.

"மெர்லி," என்றான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். "துப்பாக்கியப் பத்தியா?"

மிளகாய்ப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினான். "இல்ல. மிளகாய் வேணுமான்னு கேட்டேன்."

"வேணாம்."

அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்ன சொல்ல வந்திருப்பான்? அந்த ஸ்பிரிங்கை மாற்றினால் இன்னும் வேகமாகச் சுடலாம் என்று ஏதாவது உளறியிருப்பான். வாயைக் கட்டிப்போட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஐந்து ஸ்டேஜ் முடிந்து, கடைசி ஸ்டேஜ் வந்தபோது ஜிங்கியைவிட நான் முன்னால் இருந்தேன். அவள் முடித்துவிட்டாள், பத்தொன்பது நொடி, நல்ல ஓட்டம்தான். நான் இருபத்திரண்டுக்குள் முடித்தாலே இடம் எனக்கு. இருபத்திரண்டு என்பது என் முழங்காலுக்கே போதும். வெயில் மண்டையைப் பிளந்தது. கோட்டில் போய் நின்றேன். எல்மெர்கூட அப்போது கிண்டல் செய்யவில்லை.

"ரெடியா?" என்றான். தலையசைத்தேன். "ஸ்டாண்ட்பை."

டைமர் கத்தியது. முதல் தடுப்பில் ஆறு தோட்டா, சுத்தமாகப் போனது. இரண்டாவது தடுப்புக்கு ஓடினேன், தகடு இரண்டும் விழுந்தன, அட்டையில் இரண்டு, அடுத்ததில் ஒன்று, அவ்வளவுதான். விசை கல்லாகிவிட்டது. பார்த்தேன். வெடித்த ஓடு உள்ளேயே நிற்கிறது, அதன் முதுகில் அடுத்த தோட்டா முட்டிக்கொண்டு நிற்கிறது. இதைவிடக் கெட்ட சிக்கல் கிடையாது. மேகசினைப் பிடுங்கி எறிந்து, மேலே இருக்கிற ஸ்லைடை மூன்று தடவை பின்னுக்கு இழுத்து, ஓட்டை உதறி, புது மேகசின் போட்டு, மறுபடி ஓடினேன். மூன்றாவது தடுப்பில் இன்னொரு தடவை அதே சிக்கல். பின்னால் யாரோ "அய்யோ" என்றார்கள். கடைசி அட்டையைச் சுட்டபோது எனக்குக் கண் கலங்கி இலக்கே தெரியவில்லை.

"முப்பத்து மூணு," என்றான் எல்மெர், தரையைப் பார்த்துக்கொண்டு. "காலி பண்ணிக் காட்டு."

காட்டினேன். உறையில் போட்டேன். அந்தப் பிஸ்டலைத் தூக்கிக் கடலில் எறிய வேண்டும் போலிருந்தது. ஒரு மாதம் வாயே திறக்காமல் வேலை செய்துவிட்டு, கடைசி ஸ்டேஜில் வந்தா என் கழுத்தை அறுக்க வேண்டும்?

சிக்கல் என்றால் முதல் ஆளாக ஓடிவருகிறவன் ரோடெல். "என்ன ஆச்சு, எப்படி நின்னுச்சு, ஓடு எங்க மாட்டுச்சு" என்று என் அழுகைக்குக்கூட நேரம் கொடுக்காமல் பறப்பான். அன்றைக்கு வரவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். என்ன ஆச்சு என்று கேட்கவேயில்லை. எனக்குச் சுரீரென்றது. தெரியாதவன்தானே கேட்பான்.

கிட்டே போனேன். "உனக்குத் தெரியும்."

வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"போட்டி முடிஞ்சுபோச்சு ரோடெல். பேசு. எப்போலேர்ந்து தெரியும்?"

"நேத்துலேர்ந்து. மூணாவது ஸ்டேஜ்."

"மூணாவதா! அதுக்கப்புறம் ஒம்பது ஸ்டேஜ் சுட்டிருக்கேன்டா!"

"எப்பவும் ஓடு உனக்குப் பின்னால ஆறடி தள்ளி ஒரே இடத்துல குவியும். நான் கண்ண மூடிட்டுப் பொறுக்குவேன். நேத்து உன் காலடியிலேயே விழுந்து கெடந்துச்சு. சிலது முன்னாடி உருண்டு கெடந்துச்சு. ஓட்டப் புடிச்சு வெளிய இழுக்குற கொக்கி தளந்துபோச்சு, மெர்லி. நாலாயிரம் சுட்டிருக்க. யாரும் ஒரு தடவகூட அத எடுத்துப் பாக்கல."

"சரி பண்ண எவ்ளோ நேரம் ஆகும்?"

வாளிக்குள் கைவிட்டு ஓடுகளைக் கிளறினான்.

"எவ்ளோ நேரம்?"

"கழட்டி, லேசா வளைச்சு, திருப்பி மாட்டணும். ரெண்டு நிமிஷம். துப்பாக்கியப் பிரிச்சுப் பாக்கன்னு போட்டிருக்குற சேஃப்டி மேசையிலேயே முடிச்சிருக்கலாம்."

"ரெண்டு நிமிஷமா? அதச் சொல்றதுக்கு வாயில என்ன சோத்துப் பொட்டலத்தையா அடைச்சு வச்சிருந்த?"

நான் கத்தின கத்தலில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பதிலுக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு நாளும் உள்ளுக்குள்ள வெந்து செத்தேன்," என்றான். "ஆனா நீ நேத்து சிரிச்சிட்டே ஓடுன. உன்ன அப்படி நான் பாத்ததே இல்ல. நான் சொன்னா உன் கை நடுங்கும்னு நீதான சொன்ன. கொக்கியா, அது தாங்குனாலும் தாங்கும். உன் கை நடுங்குனா என்னால சரி பண்ண முடியாதே. அப்புறம் சத்தியம் வேற பண்ணிருக்கேன்."

அதற்கு நான் என்ன சொல்ல இருந்தேனோ, ஜிங்கி நடுவில் வந்துவிட்டாள். ஓடிவந்து ரோடெலின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அக்கா, மன்னிச்சிருங்க. நீங்கதான் ஜெயிச்சிருக்கணும். எல்லாருக்கும் தெரியும்."

நல்ல பெண். அவளைத் திட்டக்கூட முடியவில்லை. பின்னாலேயே வந்த எல்மெர் எதையும் கவனிக்காமல் ரோடெலின் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"எப்படியோ, உன் பட்டறைத் துப்பாக்கிதான்பா உலகப் போட்டிக்குப் போகுது! மூணு வருஷமா சிக்கவே இல்லயாம்ல? ஒரு வார்த்தை சொல்லேன்!"

ரோடெல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வாளிக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் விலகிப் போய் மண்ணில் உட்கார்ந்தேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். வீட்டில் நடந்த ஒவ்வொரு சண்டையிலும் நான் கத்தினது ஒன்றுதான். "நான் சொல்றத ஒரு தடவையாவது கேட்டிருக்கியா நீ?" என்பேன். கேட்டதில்லை. ஒருமுறையும் கேட்டதில்லை. இந்த ஒரு தடவைதான், தொடாதே என்றதற்குத் தொடாமல், பேசாதே என்றதற்குப் பேசாமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் என் பின்னால் ஓடு பொறுக்கியிருக்கிறான்.