பூங்கோதையின் கடைசிச் சுற்று

எங்கள் ஊர் சைக்கிள் மைதானத்தில் 1979-ஆம் வருஷத்துப் பெண்கள் பந்தயம் இன்னும் முடியவில்லை. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்க வேண்டியவன் நான்; அடிக்க மறந்துவிட்டேன். முதலில் வந்துகொண்டிருந்த பூங்கோதையை வாய் பார்த்துக்கொண்டு நின்றதுதான் காரணம், இதில் மறைக்க என்ன இருக்கிறது. மற்ற ஆறு பேரும் நான்கு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சலித்துப்போய் இறங்கிவிட்டார்கள். பூங்கோதை விதிமுறை தெரிந்தவள். மணி அடிக்காமல் நிறுத்தமாட்டாள்.

பந்தய மாதங்களில் அவள் உள்ளோரமாக ஒதுங்கி மற்றவர்களுக்கு வழிவிடுவாள். ஐப்பசி பிறந்தால் பந்தயங்கள் நின்றுவிடும், சிமென்ட் வளைவுகளில் பாசி படியும். அப்போதுதான் அவளைப் பார்க்க வருபவர்களை உள்ளே விடுவார்கள். நான் வருஷம் தவறாமல் வந்துவிடுவேன்.

இந்த வருஷமும் காவலாளி ராயப்பன் கேட்டைத் திறந்துவிட்டார்.

"மணியத் தொடச்சு வெச்சிருக்கேனுங்கண்ணா. இந்த வாட்டியாவது அடிச்சிருவீங்களா?"

"பார்க்கலாம்" என்றேன். எப்போதும் சொல்வதுதான். அடித்தால் அவள் முடித்துவிட்டுப் போய்விடுவாள். பிறகு ஐப்பசியில் எனக்கு என்ன இருக்கிறது?

பூங்கோதை வந்தாள். அதே இருபத்திரண்டு வயது, அதே சிவப்பு ரிப்பன். சுற்றுக்கு ஒரு வாக்கியம் பேசுவது எங்கள் வழக்கம்.

"தலையெல்லாம் நரைச்சுப் போச்சுங்களே" என்று சொல்லிக் கடந்தாள்.

அடுத்த சுற்றில், "காப்பி குடிச்சீங்களா?" என்றாள்.

அதற்கடுத்த சுற்றில், "எனக்குக் கால் வலிக்குதுங்க" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் உட்கார்ந்து பார்க்க, அவள் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மணியை அடித்தேன்.

அவள் குனிந்து, நான் பார்த்தேயிராத வேகத்தில் கடைசிச் சுற்றை ஓட்டி முடித்தாள். ராயப்பன் கைதட்டினார்.

"எத்தனாவதுங்க?" என்று கேட்டாள் பூங்கோதை.

"முதல்" என்றேன்.

"அப்பச் சரிங்க. உடுமலைக்குப் போகோணும். அம்மா தேடீட்டு இருக்கும்."

சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, முடிவுக் கோட்டருகே சிமென்ட்டில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பந்தயப் பாதை தரையிலிருந்து மெல்ல விடுபட்டு, வளைவுகளை நிமிர்த்திக்கொண்டு, அவளைச் சுமந்தபடி வெளியே நகர்ந்தது. சுவரில் உரசாமல் இருக்க ராயப்பன் கேட்டின் இன்னொரு கதவையும் திறந்துவிட்டார்.

முழுப் பாதையும் வெளியேற அரை மணி நேரம் ஆயிற்று. அதன் கடைசி முனை மட்டும் என் பக்கத்தில் வந்ததும் நின்றது. நான் ஏறி உட்கார்ந்தேன். பிறகு புறப்பட்டது.