இரண்டு ஆள் எடைக்கு

ஃபிட்டர் காரின் பின்னால் குந்தி உட்கார்ந்து, கழற்றி வைத்திருந்த பின்பக்கப் பாடியில் தான் பென்சிலால் போட்ட இரண்டு வட்டங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, இடது சக்கரத்தின் மேல் ஓடி வரும் வளைவு முடிகிற இடத்தில். இன்னொன்று அதற்கு நாலு விரல் மேலே. இரண்டில் ஒன்றில்தான் பெட்ரோல் மூடி உட்கார வேண்டும். நாளைக் காலையில் பெயிண்டர் வந்துவிடுவார். ஃபைபர் பாடி; ஓட்டை போட்டால் போட்டதுதான், பிறகு எப்படி அடைத்தாலும் கண்ணை உறுத்தும்.

பகலெல்லாம் பட்டறையில் ஐம்பது பேர் போகிற பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற மனுஷன், வீட்டுக்கு வந்து இரண்டே பேர் போகிற ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவதில் தெருவுக்கே சிரிப்பு. பதினோரு வருஷமாகக் கட்டுகிறார். "கார் எப்பண்ணே ஓடும்?" என்று கேட்டவர்களெல்லாம் ஓய்ந்துபோனார்கள். ஓய்ந்துபோகாமல் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவள் மனைவி ஒருத்திதான். இடது சீட்டின் சாய்மானத்தை அவளை உட்கார வைத்துத்தான் வளைத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகளின் பிரசவத்துக்கென்று மூன்று மாதம் போனவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

மூடியை வலது பக்கம் வைக்க வழியில்லை. சைலன்சர் குழாய் அந்தப் பக்கம்தான் கொதித்துக்கொண்டு ஓடும். இடது பக்கத்தில், கீழ் வட்டம்தான் அழகு. ஆனால் காரின் முதுகு தாழ்வு. அங்கிருந்து டேங்குக்குப் போகிற குழாய்க்குச் சரிவு போதுமா என்று பார்க்க வேண்டும். போன வாரமே பார்த்தார். பின்பக்கத்தைக் கழற்றி வைத்து, குழாயை அந்த உயரத்தில் கம்பியால் கட்டி, ஓட்டுகிறவருடைய சீட்டில் தன் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றித் தண்ணீர் ஊற்றினார். மளமளவென்று இறங்கியது. சந்தோஷமாக வட்டம் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

இன்று லீவு. மத்தியானம், ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் உறைத்தது. இன்னொரு சீட்டை மறந்தே போயிருந்தார். அவள் சீட்டை. முப்பது வருஷம் பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டுக்கும் பாரம் கணக்குப் போட்டவர், சொந்தக் காரில் மனைவியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

ஓடிப்போய் இடது சீட்டிலும் மூட்டைகளை ஏற்றினார். அறுபத்திரண்டு கிலோ, அவள் ஊருக்குப் போன அன்று பெட்டியை எடை போட்ட தராசில் அவளும் விளையாட்டாக ஏறி நின்ற எடை. வலது பக்கம் சாய்ந்து, மூடிப் பக்கம் தூக்கியிருந்த கார் மட்டமானது; குழாயின் சரிவும் குறைந்தது. தண்ணீர் ஊற்றினார். கொடகொடவென்று திணறி, குழாயின் வாய் வழியாகவே திரும்பிப் பீறிட்டுச் சட்டையை நனைத்தது. நாலு விரல் ஏற்றிக் கட்டி மறுபடி ஊற்றினார். தடையில்லாமல் இறங்கியது. ஆக, தனியாகப் போவதென்றால் கீழ் வட்டம் போதும். இரண்டு பேர் போவதென்றால் மேல் வட்டம்தான்.

எதற்கும் இருக்கட்டும் என்று சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டார்.

"உன் வெயிட்டு இப்ப எவ்வளவும்மா?"

"எதுக்குங்க? பொண்ணு பாக்க வரப்போறீங்களா?" பின்னால் பேத்தி எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

"சும்மா சொல்லேன். கார் விஷயம்."

"போன மாசம் டாக்டர் பாத்தப்ப அம்பத்திநாலு."

"இவ்வளவு எளச்சிட்டியா?"

"உங்க பேத்தி பின்னாடி ஓடிப் பாருங்க, தெரியும்."

அவர் விஷயத்தைச் சொன்னார். சரிவு, மூட்டை, திரும்பி அடித்த தண்ணீர் எல்லாவற்றையும். அவள் வழக்கம்போல் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கீழ வெச்சா நல்லா இருக்குமா?"

"பாக்க அம்சமா இருக்கும். ஆனா ஒரு ஆளுக்குத்தான் சரிப்படும்."



"அப்ப அம்சமாவே வெச்சிடுங்களேன்," என்றாள். பிறகு அவசரமாக, "இவளுக்கு ப்ளே ஸ்கூல்ல இடம் கெடச்சிடுச்சுங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போறாங்க. கூட்டிட்டுப் போக, கூட்டிட்டு வர யாராவது வேணும்ல," என்றாள்.

"வேணும்தான்," என்றார். தனக்கும்தான் வேண்டும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் வந்துவிடுவாள், வந்து அங்கேயே நினைப்பாக இருப்பாள் என்று விழுங்கிக்கொண்டார். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அவர் இடது சீட்டு மூட்டை ஒன்றைப் பிரித்து, தராசில் வைத்து, எட்டு கிலோ மணலை அள்ளி வாளியில் போட்டார். தன் கண்ணுக்குத் தெரியாமலே அவளில் இவ்வளவு குறைந்துபோயிருக்கிறது. மணலை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வாளியோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாளியை ஓரமாக வைத்துவிட்டு, கழற்றிய பின்பக்கத்தைப் பூட்டி, ட்ரில்லில் வட்ட பிளேடை மாட்டி, மேல் வட்டத்தின் நடுவில் வைத்து அழுத்தினார்.

காலையில் வந்த பெயிண்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பின்பக்கத்தில் நின்றார்.

"என்னண்ணே இது, நெத்தியில வெக்க வேண்டிய பொட்ட உச்சந்தலையில வெச்ச மாதிரி. கீழ வெச்சிருந்தா எவ்வளவு லட்சணம்."

"ரெண்டு பேர் போற வண்டிப்பா. அங்கதான் வரும்."

பெயிண்டர் பேப்பர் கட்டைப் பிரித்தார். "சரி, சீட்டு மேல பேப்பர் ஒட்டணும். மூட்டையெல்லாம் எறக்கிடவா?"

ஃபிட்டர் தன் சீட்டு மூட்டைகளைத் தானே இறக்கினார். இறக்கியவர் போகாமல், காலை மடக்கி உள்ளே நுழைந்து ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தார். கார் மட்டமாக நின்றது.

"ஒரு நிமிஷம் இருப்பா," என்றார்.

பெயிண்டர் இருந்தார். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே இருந்தார். பிறகு இடது பக்கம் குனிந்து மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழுந்தது. கடைசி மூட்டையும் போனதும், கார் ஃபிட்டர் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார்.