அடி போன கிண்ணம்

மரக் கடைசல்காரருக்குப் பட்டறை வட்டாரத்தில் 'இன்னுங்கொஞ்சம்' என்றுதான் பெயர். கட்டில் கால் கடையக் கொடுத்தால், வடிவம் வந்த பிறகும் உளியைக் கீழே வைக்க அவருக்கு மனம் வராது. "இன்னும் கொஞ்சம் சீவினா எடுப்பா இருக்கும்" என்று சீவுவார். அந்த ஒரு காலுக்கு ஈடாக மற்ற மூன்று கால்களும் இளைத்துப்போகும். கட்டில் நிற்கும்தான். ஆனால் கொஞ்சம் பருமனானவர்கள் அதில் உட்காரும் முன் யோசிப்பார்கள்.

வாயும் கையைப் போலத்தான். மூன்று வருடங்களுக்கு முன் தம்பி கட்டிய புது வீட்டைப் பார்க்கப் போனார். தம்பி நில அளவையர். ஒரு அங்குலம் தப்பினால்கூடத் தூக்கம் வராத ஆள். அண்ணன் ஜன்னலைக் குறை சொன்னார்; தம்பி சிரித்தான். கதவு நிலையைச் சொன்னார், "பாத்துக்கலாம்ணா" என்றான். அதோடு வாயை மூடியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "படிகூட ஒரு பக்கமா சாஞ்சாப்ல இருக்கே?" என்றார். தம்பி பதில் பேசாமல் உள்ளே போனான். போனவன் போனவன்தான். அன்றிலிருந்து அண்ணன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இவருக்கு அது உள்ளுக்குள் வலித்தது. எல்லாவற்றுக்கும் திறக்கும் வாய் அதைச் சொல்ல மட்டும் திறக்கவில்லை.

பேச்சு நின்றது ஆண்களுக்கு மட்டும்தான். ஓரகத்திகள் இருவரும் நாள் தவறாமல் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி வீட்டுக் கொல்லையில், மனை வாங்கும்போதே நின்ற கிழட்டுக் கொய்யா ஒன்று காற்றில் சாய்ந்தது. அதன் வேர்க்கட்டை சின்ன லாரி ஏறிப் பட்டறை வாசலில் வந்து இறங்கியது அந்த ஃபோன் செய்த வேலை.

"இதுல ஒரு கிண்ணம் கடைஞ்சு நீங்களே கொண்டுபோய்க் குடுங்க" என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "ஞாயித்துக்கிழமை தம்பி வீட்லதான் இருப்பாராம். நானும் கூட வரேன். கையில ஏதாவது இருந்தா உள்ள நுழைய ஒரு சாக்கு."

கட்டையைப் புரட்டிப் பார்த்தார். பாதி சொத்தை. நல்ல பாதியிலும் நார் இப்படி ஒரு முறுக்கு, அப்படி ஒரு முறுக்கு. வளரும்போது வேர் விழுங்கிய கூழாங்கற்கள் வேறு உள்ளே. முழுசாகத் தேறினால் ஒரே ஒரு கிண்ணம் தேறும். இது போனால் வேறு கட்டை இல்லை.

மூன்று நாள் அதனோடு மல்லுக்கட்டினார். ஐந்து நிமிடம் கடைவதற்குள் உளி ஒரு கல்லில் மோதி மழுங்கும். பத்து நிமிடம் சாணை பிடிப்பார். விரிசல் விட்ட இடங்களில் பசையை ஊற்றிக் காத்திருப்பார். சீவல் பறந்து முன்னறையில் மனைவி தைக்க வெட்டி வைத்திருந்த துணிமேலெல்லாம் ஏறியது. அவள் அதிசயமாக அதை உதறிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை, இளஞ்சிவப்பும் பழுப்புமாகச் சுழி சுழியாய் ரேகை ஓடிய கிண்ணம் ஒன்று கடைசல் எந்திரத்தில் சுழன்றது. நிறுத்தி, உள்ளே குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். அடியில் ஒரு விரல் கனம் இருந்தது.

"போதும். விட்டுடுங்க" என்றாள் வாசலில் வந்து நின்ற மனைவி.

"ஒரே ஒரு சீவு. அடி லேசா இருந்தா கையில எடுக்கறப்ப சுகமா இருக்கும்."

சீவினார். எந்திரத்தில் பிடிப்பதற்காக அடியில் வெளிப்புறமாக அவரே குடைந்த பள்ளத்தைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தார். 'டப்' என்று ஒரு சத்தம். கிண்ணத்தின் நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நான் வரல. இத எடுத்துட்டு எந்த மூஞ்சியோட போறது?"

"இருக்கற மூஞ்சியோடதான். நல்ல கிண்ணமா இருந்தா அதப் பத்தி அரை மணி நேரம் பேசிட்டு, கிளம்பறப்ப இன்னொரு வார்த்தை விட்டுட்டு வருவீங்க. இதுன்னா வாய் தானா அடங்கும்."

அவர் கிண்ணத்தைக் காகிதத்தில் சுற்றத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பிதான் கதவைத் திறந்தான். "வா" என்றான், 'அண்ணா' வரவில்லை. ஓரகத்திகள் இருவரும் ஃபோன் விஷயம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதென்று ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். அவர் காகிதப் பொட்டலத்தை நீட்டினார். "உங்க வீட்டுக் கொய்யா."

தம்பி பிரித்தான். ரேகையைத் தடவிப் பார்த்தான். முகம் கொஞ்சம் இளகியது. கிண்ணத்தைப் புரட்டும்போது விரல் ஓட்டைக்குள் போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

"இது என்ன?"

"போதும்னு தெரிஞ்சுதுடா. அப்பறமும் ஒரு சீவு சீவிட்டேன். அன்னிக்கு உன் வாசல்லயும் அதான் பண்ணேன்."

தம்பி ஓட்டையிலிருந்து விரலை எடுக்காமலே நின்றான்.

"நீ கிளம்பின அன்னிக்கே அளந்து பாத்தேண்ணா. படி சாஞ்சுதான் இருந்துது."

"அப்பறம் ஏன்டா மூணு வருஷமா பேசல?"

"அதனாலதான்."

மனைவி சட்டென்று திரும்பிச் சிரிப்பை அடக்கினாள். அண்ணனின் கண் கலங்கியிருந்தது. நாக்கும் துறுதுறுத்தது. மனைவி அதைக் கவனித்து, "வேணாங்க" என்று பல்லைக் கடித்தாள்.

"எவ்வளவுடா சாஞ்சிருக்கு?" என்று கேட்டேவிட்டார்.

தம்பி கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனான். இந்த முறை, சாய்வு பார்க்கும் ரசமட்டத்தோடு திரும்பி வந்தான். அண்ணனும் தம்பியும் வாசற்படியில் குந்தி உட்கார்ந்து, தலையோடு தலை முட்ட, குமிழி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள்.