மாவுக்கட்டின் மேல் கையெழுத்து

மகளின் இடது காலில் போட்ட மாவுக்கட்டு காய்ந்ததும், டாக்டர் அதன் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. கட்டும் கையெழுத்தும் நான் ரகசியமாகக் கேட்டுக்கொண்ட ஏற்பாடு. தையல் கம்பெனி வாசலில், வேலை முடிந்து போகிற பெண்களைத் தடவிப் பார்த்து அனுப்புகிறவள் நான். பதினாறு வருடமாக என் கைக்கு ஒரு நூல்கண்டுகூடத் தப்பியதில்லை. என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்ற திமிர் எனக்கு உண்டு.

மகளுக்கு, அவள் அப்பா இறந்த மூன்றாம் மாதம் இது ஆரம்பித்தது. முதலில் ஓரிடத்தில் எரியும், பிறகு வீங்கும், ஒரு மணி நேரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போகும். எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்று அழுவாள். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. மனக்கஷ்டத்தால் அபூர்வமாகச் சிலருக்கு இப்படி வரும் என்றார் டாக்டர். போனவர் எனக்கும்தான் புருஷன், எனக்கு ஒரு கொசுக்கடித் தழும்புகூட இல்லையே என்று நினைத்தேன். அவளே அடித்துக்கொள்கிறாள் என்று முடிவு கட்டி, சுத்தியலையும் மர ஸ்கேலையும் ஒளித்து வைத்தேன். அப்போதும் நிற்கவில்லை. அதனால்தான் கட்டு; உள்ளே அவள் கை போகாது, பிரித்தால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு வாரம் லீவு போட்டுக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம், "உள்ள எரியுதும்மா" என்றாள். வியர்வையாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

ஏழாம் நாள் கட்டை அறுத்தார்கள். ஆடுசதையில் உள்ளங்கை அகலத்துக்குப் புதுக் கன்றல். கட்டு இறுக்கியிருக்குமோ என்று கேட்டேன். அப்படியில்லை என்று டாக்டர் தலையாட்டினார். இதைக் குணப்படுத்த உறுதியான மருந்து இல்லையாம், நிம்மதியாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். எந்தக் கடையில் போய் வாங்குவேன் அதை?

திரும்பும்போது ஆட்டோவில் அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"நீ சொல்லித்தான் கட்டு போட்டாங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீ நம்பணும்னுதான் காலை நீட்டினேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் மறுபடியும் பேசினாள்.

"இப்ப நீ நம்பிட்ட. எனக்கு வலி அப்படியேதாம்மா இருக்கு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவள் பொய் சொல்லியிருந்தால் நான் தடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து உடை மாற்றப் போனவள் கூப்பிட்டாள். தோளில் எரிய ஆரம்பித்திருந்தது, சட்டையைத் தானாகக் கழற்ற முடியவில்லை. கம்பெனி வாசலில் பெண்கள் நிற்பது போலவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். பக்கத்தில் போனேன். சட்டைக்கு அடியில் எங்கெங்கே கன்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்: விலாவில் ஒன்று, இடுப்பில் ஒன்று, முழங்கைக்கு மேல் பழசு ஒன்று. என் கைகள் அவள் உடம்புக்கு ஓர் அங்குலம் தள்ளி, எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றன.

"சீக்கிரம்மா, கை வலிக்குது" என்றாள்.