கழுத்துச் சிறுத்த பனியன்

1

இந்தக் கதை ஒரு பனியனுக்குள் தலை மாட்டிக்கொண்டதில் பிறந்தது. தலை என்னுடையதல்ல. பொங்கலூரிலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் தன் கதையாகச் சொன்னது. சொல்லும்போதே சிரித்தார், சிரித்து முடிப்பதற்குள் அவருடைய நிறுத்தம் வந்துவிட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை. ஒச்சாயி என்று நானாக வைத்திருக்கிறேன். மற்ற பெயர்களும் நான் வைத்தவைதான். மீதியை நானும் நீங்களுமாகச் சேர்ந்து தைக்க வேண்டும், கண்ணுகளா.

2

முதல் தொடக்கம்: ‘வறுமை என்னும் கொடிய —’

வேண்டாம். அந்த அம்மாள் கேட்டால் அடுத்த பஸ் பிடித்து வந்து என்னை அடிப்பார்.

இரண்டாவது: ‘எண்பதுகளின் கடைசியில், மழை பொய்த்த தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி —’

மைக் முன்னால் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

ஒச்சாயி பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டினாள். அவள் புருஷன் பெருமாள்சாமி, சாயப்பட்டறையில் கொதிக்கிற தண்ணீர் வலது கையில் கொட்டி, வீட்டோடு கிடந்தான். (கை ஆறிவிடும், பயப்படாதீர்கள். அதை மட்டும் நான் முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.) பிசிறு வெட்டுகிற கூலியில் இரண்டு பேர் காலம் தள்ள முடியாது. தீபாவளிக்குள் தையல் மிஷினில் ஓர் இடம் கிடைக்காவிட்டால், மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரின் காய்ந்த காட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

சூப்பர்வைசர் சாமியப்பன் நல்ல மனுஷர். “சாப்பாட்டு நேரத்துல சும்மா கெடக்கற மிஷின்ல பழகிக்கோங்க. மிஷினு கடிக்காதுங்க, ஊசிதான் கடிக்கும்” என்றார்.

பழகுவதற்குத் துணி? அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டுக் காம்பவுண்டில் முனவர் பேகம் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் சேக் தாவூது பனியன் வேஸ்ட் வியாபாரி. மூட்டைக்குள் கையை விட்டுத் தேறுகிற துண்டாகப் பொறுக்கிக் கொடுத்தாள்.

பனியனுக்கு உடம்பு வந்தது, கை வந்தது. கழுத்து மட்டும் வரவில்லை. கழுத்துப்பட்டியை லேசாக இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். ஒச்சாயியோ கிணற்றுக் கயிற்றை இழுப்பதுபோல இழுத்தாள். ஒவ்வொரு கழுத்தும் சொம்பு வாய் அளவுக்கு நின்றது.

“ஏம்புள்ள இந்த இழு இழுக்கற?” என்றாள் முனவர், தைத்துக் கொண்டுவந்ததைப் பார்த்து.

“இழுக்காட்டி ஓடிப் போயிரும்லக்கா!”

(இந்த இடத்தில் எனக்கு ஒரு விளக்கம் தோன்றியது: எண்ணெய், அரிசி, சோப்பு என்று எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்தே பழகிய கை, துணியையும் மிச்சம் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. ஒச்சாயியைக் கேட்டால் ‘பயம்’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பாள்.)

4

கெட்டுப்போன பனியன்களை அவள் அடுப்புத் துடைக்க எடுத்து வைத்தாள். முனவர் விடவில்லை. “தொடைக்கறதுக்கா இத்தன பாடு? எங்க ஊட்டுக்காரரு போடுவாரு, கொண்டா.”

சேக் தாவூது போட்டார். தலை நுழைவதற்குள் காது சிவந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி உள்ளேயே தங்கிவிட்டது. “நல்லா இறுக்கமா, குளிருக்கு எதமா இருக்குதும்மா” என்றார், புரட்டாசி வெயிலில் நின்றுகொண்டு. அப்புறம் காம்பவுண்டு ஆண்கள் ஒவ்வொருவராக அவளுடைய தப்புகளை மாட்டிக்கொண்டார்கள். காலையில் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தால் அத்தனை பேருக்கும் கழுத்து நெரிந்திருக்கும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. (திறந்தாலும் சத்தம் வந்திருக்காது.)

தையல் மிஷினுக்கு ஆள் எடுக்கிற சோதனை நாள் வந்தது. சாமியப்பன் அவள் தைத்ததில் தன் தலையை விட்டார். மூக்கோடு நின்றது.

“ஏனுங்கம்மா, இது பனியனுங்களா, தலகாணி உறைங்களா?” தலையை உருவிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். “நாளைக்கு ஒருக்கா பாக்கலாமுங்க. நாளையோட ஆள் எடுக்கறது முடியுதுங்க.”

5

ஒச்சாயி சாயங்காலம் வந்து மூட்டை கட்ட ஆரம்பித்தாள். முனவர் தடுத்தாள்.

“போதும்க்கா. ஊர்லயே வெறகு வெட்டிப் பொழச்சுக்கிர்றோம்.”

[இங்கே அவள் அழுவதாக எழுதி, அடித்துவிட்டேன். அழுவதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.]

ஊருக்குக் கிளம்பவென்று பெருமாள்சாமி உள்ளே சட்டை தேடி, கையில் அகப்பட்ட, அவள் தைத்த பனியனை ஒற்றைக் கையால் மாட்டியிருக்கிறான். தலை பாதியில் நின்றுவிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தவன் கேட்டான்:

“ஏ புள்ள, கரண்டு போயிருச்சா?”

“கரண்டு இருக்குதுங்கண்ணா, உங்க தலயத்தான் காணோம்!” என்றாள் முனவர்.

சேக் தாவூது ஓடிவந்து ஒரு பக்கம் இழுக்க, யாரோ மறுபக்கம் இழுக்க, உள்ளேயிருந்து “மெதுவாய்யா, காது வேணும்!” என்று குரல் வர, ஒச்சாயி சிரித்தாள். கட்டிய மூட்டைமேலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முனவர் அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

“பாரு, இப்ப எப்படித் தொளதொளன்னு இருக்குது. நாளைக்கு இந்தக் கையோட போ.”

6

மறுநாள் மிஷின்முன் உட்கார்ந்தாள். ‘கரண்டு போயிருச்சா’ என்பது நினைவுக்கு வந்தது. உதடு விரிந்தது, விரலும் விட்டுக்கொடுத்தது. கழுத்துப்பட்டி தன்பாட்டுக்கு ஓடியது.

சாமியப்பன் தலையை விட்டார். தலை மறுபக்கம் வந்தது, சிரித்தபடி. பனியனைக் கழற்றவே இல்லை.

“இதே மிஷினுங்க உங்களுக்கு. நாளைக்கு நேரத்துல வந்துருங்க.”

(அவர் கையை விரிப்பதாகவும் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அப்படிப்பட்ட முடிவுகளை நான் வேண்டிய அளவுக்குப் பார்த்துவிட்டேன். உங்களுக்குத் தேவையென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பேனா தர மாட்டேன்.)

7

“எடம் கெடச்சதும் நேரா அந்த அக்கா வீட்டுக்குத்தான் போனேன், போயி...” என்றார் பஸ் அம்மாள். கண்டக்டர் விசில் ஊதினார். இறங்கிவிட்டார்.

போய் என்ன செய்திருப்பாள்? ‘நன்றி அக்கா’ என்று எழுதினேன். ஒச்சாயி வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். அந்தச் சொல்லை அந்தக் காம்பவுண்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. காலில் விழவைத்தேன், முனவர் பதறி என்னைத் திட்டினாள். எல்லோருக்கும் தலை நுழைகிற பனியனாகத் தைத்துக் கொடுத்தாள் என்று எழுதினேன். அதைப் பெருநாளுக்கென்று பத்திரப்படுத்திவிட்டு, சேக் தாவூது பழையதையே மாட்டிக்கொண்டு போகிறார்.

எனக்குத் தைக்கத் தெரிந்தது இவ்வளவுதான். இந்த இறுக்கமான கதைக்குள் தலையை விட்டு, காது சிவக்க இவ்வளவு தூரம் வந்தீர்களே, நீங்களும் அந்தக் காம்பவுண்டுக்காரர்கள்தான். அதனால் கழுத்தை மட்டும் தைக்காமல் உங்களிடம் விடுகிறேன்.

முனவர் கதவைத் திறக்கிறாள். ஒச்சாயி வாசலில் நிற்கிறாள். நின்று —

உங்கள் தலை அளவு உங்களுக்குத்தான் தெரியும். லேசாக இழுத்துப் பிடியுங்கள், கண்ணுகளா.