நாற்பத்தெட்டு எலிகள்

நரம்பு மருந்தியல் பேராசிரியர் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. கை நடுக்கத்துக்கான மருந்தைப் பற்றிக் கடைசியாக ஓர் ஆய்வு மிச்சம். அதற்கு நாற்பத்தெட்டு எலிகள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் பலன் இல்லை, ஒன்று கூடினால் பாவம்; மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எடுத்த எண்.

ஆய்வு விலங்குகளுக்கு அனுமதி தரும் நெறிக்குழுவுக்கு இருபது வருடமாக அவர்தான் தலைவர். யார் எத்தனை எலி கேட்டாலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுவார். கெஞ்சினாலும் மசிய மாட்டார். அதனால் நடைவழியில் அவர் எதிரே வந்தால் சக பேராசிரியர்களுக்குத் திடீரென்று செல்போனில் வேலை வந்துவிடும். வெளி வாசலிலோ, விலங்கு ஆர்வலர்கள் கொலைகாரன் என்று தட்டி பிடிப்பார்கள். மகளும் அந்தக் கட்சிதான். பேசி நாலு வருடமாகிறது. ஆனாலும் அவருக்கு ஒரு தேறுதல் இருந்தது: தன்னால் நாலாயிரம் எலிகளாவது பிழைத்திருக்கும்.

தன் விண்ணப்பமே குழுவின் முன் வந்த அன்று, முறைப்படி எழுந்துபோய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பத்தே நிமிடத்தில் குழுவின் கால்நடை மருத்துவர் வந்து தாளை நீட்டினார். முப்பத்திரண்டு. தலைவர் இல்லாவிட்டாலும் தலைவரின் கத்தி வேலை செய்திருந்தது.

"என்னங்க டாக்டர் இது? முப்பத்திரண்டை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. அத்தனையும் வீணாச் சாகும்."

"அப்புறம் எதுக்கு சார் நாப்பத்தெட்டுன்னு போட்டீங்க?"

"வேண்டியதே அவ்வளவுதான்!"

முதல் தடவையாகச் சந்தைக்கு வந்தவரைப் பார்ப்பதுபோல டாக்டர் பார்த்தார். "ஐயையோ, வேண்டியதையா கேட்டீங்க? எழுபத்திரண்டு போடறதுதானே! நீங்க வெட்டுவீங்கன்னு தெரிஞ்சு எல்லாரும் அப்படித்தான் சார் போடறாங்க."

"எல்லாருமா? எப்பலேர்ந்து?"

"நான் வந்த நாளா பாக்கறேன். பதினெட்டு வருஷம்."

டாக்டர் போன பிறகும் பேராசிரியர் எழவில்லை. நாலாயிரத்திலிருந்து ஒவ்வொரு துறையாகக் கழித்துப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. மகளிடம் என்றாவது சொல்லலாம் என்று வைத்திருந்த ஒரே எண் அது.

அடுத்த மாதம் எழுபத்திரண்டு என்று எழுதினார். ஏன் அத்தனை என்பதற்கும் அரைப் பக்கம் எழுதினார். கை கூசியதே தவிர, நடை நன்றாகத்தான் வந்தது. நாற்பத்தெட்டு கிடைத்தது.

மதியம் உணவகத்தில் சக பேராசிரியர்கள் மேசையிலிருந்து ஒருவர் கையாட்டினார். "வாங்க தலைவரே! இப்பதான் நம்ம ஆளாயிருக்கீங்க." நாற்காலி நகர்ந்தது. "எங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க, நிஜமா எத்தனை வேணும்?"

"நாப்பத்தெட்டு."

"பாத்தீங்களா, அதுக்குள்ளயும் பத்தை ஒளிச்சு வச்சிருக்காரு!"

மேசையே சிரித்தது. எழுந்து போனால் தப்பாக நினைப்பார்களோ என்று பேராசிரியர் தட்டில் இருந்ததை ஆறும்வரை கிளறிக்கொண்டிருந்தார்.